கம்பம் நட்ட ஊரில் என் மகள்

ஆஸ்பத்திரி வாசலில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என் மகளை ஒப்படைத்தேன். பங்குனி வெயில். தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. நங்கை பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். நங்கை என்றால் எங்கள் பக்கம் கணவரின் அக்கா.

யாழினிக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. அவளுடைய துணிகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடைத்திருந்தேன். பையைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். அது தரையில் இழுபட்டது.

"அம்மா, நான் அத்தை ஊட்டுல எத்தன நாளைக்கு இருக்கோணும்?"

"பாப்பா பொறக்கற வரைக்கும், சாமி."

எல்லா அம்மாவும் சொல்கிற பதில்தான். ஆனால் என் விஷயத்தில் அது அப்படியே ஒப்பந்தமாகவும் இருந்தது. பாப்பா பிறக்கிற வரைக்கும்தான் யாழினிக்கு அந்த வீட்டில் இடம். பிறந்த நிமிஷத்திலிருந்து அவள் அங்கே ஒரு பொழுதுகூடத் தங்கக் கூடாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? நங்கை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறினார்கள். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து ஆடியது.

காலியான தெரு

நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளா இல்லை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நான் எழுதும் இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்கள் இன்னும் உரிமையோடு திட்டுவீர்கள். கேளுங்கள்.

திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க ரிக் வண்டிக்காரர்கள் குடும்பம். ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டியோடு ஆண்கள் வடநாட்டுக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் டிரில்லர். அந்தப் பங்குனியில் ராய்ப்பூருக்கும் அப்பால் எங்கோ ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கோடையில்தான் அவர்களுக்கு வேலை குவியும். கோடையில்தான் எனக்கும் பிரசவத் தேதி. இரண்டையும் யாரும் பொருத்தம் பார்த்து வைக்கவில்லை.

என் அம்மா இறந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மாமியாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா எடப்பாடியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், கண்புரை ஆபரேஷன் செய்து பச்சைத் துணி தொங்கும் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கே ஒருவர் சோறு போட வேண்டியிருந்தது. தம்பி ஓசூரில் ஐந்து பையன்களோடு ஓர் அறையில் ஷிப்ட் மாற்றித் தூங்குகிறவன்.

அக்கம்பக்கம் இருக்குமே என்பீர்கள். இருந்தது. பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவரவர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. பெருக்க ஆளில்லாமல் எங்கள் தெருவில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. நானும் யாழினியும் அதை மிதித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவோம்.

என்னை விட்ட இடம்

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. என் தம்பி பிறந்தபோது எனக்கும் யாழினியின் வயதுதான். எடப்பாடியில் ஒரு தறிப்பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தோம். அம்மாவுக்கு வலி எடுத்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய், பட்டறை மூலையில் கழிவு நூல் மூட்டைகள்மேல் உட்காரவைத்தார். "எறங்கீராத அம்மிணி, இதா வந்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் போனவர்தான். பையன் பிறந்த சந்தோஷத்தில் மிட்டாய் வாங்கி ஊரெல்லாம் கொடுத்தவருக்கு, மூட்டைமேல் ஒருத்தி இருக்கிற நினைப்பே வரவில்லை. பொழுதோடு தறியை நிறுத்தியவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள். காதுக்குள் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பாவாடையெல்லாம் நனைந்திருந்தது.

வீட்டில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். யாழினி பிறந்த பிறகு எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது உண்டானது தெரிந்த அன்றே எனக்கு வந்த முதல் கவலை பிரசவத்தைப் பற்றியது அல்ல. அந்த நேரத்தில் யாழினி எங்கே இருப்பாள் என்பதுதான்.

கம்பம்

அதனால் ஆறாம் மாதமே நங்கையிடம் சொல்லி வைத்துவிட்டேன். தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவது, என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை யாழினியைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நங்கைக்குப் பிள்ளைகள் இல்லை. யாழினி என்றால் உயிர். மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஊர்.

அந்த ஊரில் பல வருடமாக நோம்பி நடக்கவில்லை. யாருக்கு முதல் மரியாதை என்று பங்காளிகளுக்குள் தகராறு. கோயில் பூட்டியே கிடந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் நங்கையும் நோம்பியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. காலண்டர் பார்த்தோம், அமாவாசை பார்த்தோம், அவர் வீட்டு எருமை ஈனும் தேதியைக்கூடப் பார்த்தோம். மாரியாத்தாளை மறந்துவிட்டோம்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "கண்ணு, ராசியாயிட்டாங்க. நேத்துப் பூச்சாட்டி கம்பம் நட்டாச்சு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோயிலுக்கு முன்னால் முக்கிளையாக ஒரு மரத்தை வெட்டி வந்து நடுவார்கள். அதுதான் கம்பம். நட்ட பிறகு அந்த ஊர்க்காரர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை வெளியூரில் தலை சாய்க்கக் கூடாது. தெருவே காலியானதும் இதனால்தான்.

"அப்ப என்ற புள்ளய ஆருங்க பாக்கறது?" என்று கத்தினேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கத்தாத சாமி. நான் அங்க வந்து படுக்கத்தான் முடியாது. புள்ள இங்க வரலாமல்லொ? நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். உங்கண்ணன் என்று அவர் சொல்வது தன் வீட்டுக்காரரை. "ஒண்ணு மட்டுந்தான். உங்கண்ணன் பூ மிதிக்கறதுக்குக் காப்புக் கட்டியிருக்கறாரு. கொழந்த பொறந்துட்டா உங்களுக்குத் தீட்டு. யாழினிக்கும் தீட்டுத்தான். அப்பறம் அவள இந்த ஊட்டுக்குள்ள வெக்க முடியாது. அதுக்குள்ள நோம்பி முடிஞ்சிரும், நீ ஏன் வெசனப்படற?"

நோம்பிக்குப் பிறகுதான் என் தேதி. அதற்குள் என் வீட்டுக்காரரும் வந்துவிடுவார். சரியாகத்தான் இருந்தது.

துடிப்பு

கோழிப்பண்ணை ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவள் ராணி. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். யாழினியை ஒப்படைத்த அன்று காலையில் நான் லீவு சொல்லத்தான் அவளுக்குப் போன் செய்தேன். முதல் நாள் மாலையிலிருந்து வயிற்றில் அசைவு குறைச்சலாக இருப்பதையும் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"என்னக்கா இப்படிச் சாதாரணமா சொல்றீங்க? ரெடியா இருங்க, ஆட்டோ எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள்.

நங்கைக்குச் சொன்னேன். பயமுறுத்தாமல், டாக்டர் சும்மா அட்மிட் ஆகச் சொன்னதாகச் சொன்னேன். அப்படித்தான் அந்த இளநீர் வண்டிப் பக்கத்தில் யாழினியைக் கைமாற்றினேன். பஸ் மறைந்ததும் ராணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஸ்கேன் அறையில் ஏசி குளிர்ந்தது. வயிற்றில் தடவிய பசை அதைவிடக் குளிர்ந்தது. டாக்டரம்மா கருவியை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். பிறகு திரையை அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"துடிப்பு இல்லம்மா" என்றார். என் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார். கொடி சுற்றியிருக்கலாம் என்றார். யார் தப்பும் இல்லை என்றார். யார் தப்பும் இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிச் சாகும் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

உயிரில்லாத பிள்ளையையும் வலித்துத்தான் பெற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஊசி போட்டார்கள். வலி வந்தது. அதே வலிதான், கொஞ்சமும் குறையவில்லை. மறுநாள் காலை வெயில் ஜன்னலில் ஏறும்போது பிறந்தாள். பெண். யாழினியின் மூக்கு. நிறைய முடி. அழவில்லை. பிரசவ அறையில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள்.

ராணி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். ரயில் ஏறுகிறேன் என்றார். இரண்டு ரயில் மாற வேண்டும். அவர் வந்து முகம் பார்க்கும்வரை குழந்தையைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொண்டார்கள்.

"இன்னும் இல்லீங்க"

மதியம் நங்கை போன் செய்தார். ராணி போனை என்னிடம் நீட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னால் பம்பைச் சத்தம். யாரோ மைக்கில் ஊர் மக்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் யாழினி சிரிப்பது தனியாகக் கேட்டது.

"என்னாச்சு கண்ணு? பொறந்துருச்சா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை எனக்கு எதுவுமே யோசிக்கத் தோன்றவில்லை. அந்த நொடியில் மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிறந்துவிட்டது என்றாலும், பிறந்து செத்துவிட்டது என்றாலும் தீட்டுத்தான். என் பிள்ளையின் பையை எடுத்து வெளியே வைப்பார்கள். அன்பாகத்தான் வைப்பார்கள், அழுதுகொண்டேதான் வைப்பார்கள். வைத்த பிறகு அவள் எங்கே போவாள்? வார்டில் குழந்தைகளை விடமாட்டார்கள். ராணியின் ஹாஸ்டலில் விடமாட்டார்கள். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய அப்பா ரயிலில் இருந்தார்.

"இன்னும் இல்லீங்க நங்கை" என்றேன்.

"வலி இருக்குதா?"

"லேசாத்தானுங்க. டாக்டரு நாளாகும்ங்கறாங்க."

"ஆத்தா பாத்துக்குவா. நான் பகல்ல ஒரு எட்டு வந்து பாத்துப்போட்டு வரட்டுமா?"

"வேண்டாங்க! வெயில்ல புள்ளய இழுத்துக்கிட்டு அலையாதீங்க. அங்கயே இருங்க." குரல் உயர்ந்துவிட்டது. நங்கை அதைப் பிரசவ பயம் என்று எடுத்துக்கொண்டார்.

யாழினி போனைப் பிடுங்கினாள். "அம்மா, பாப்பா வந்துருச்சா?"

"இன்னும் இல்ல, சாமி."

"அப்ப நான் இங்கயே இருக்கறனா?"

"அங்கயே இரு."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியதை முழுக்கக் கேட்டாள். முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பொய் சொன்னதற்காக எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தம் இல்லை. நூறு தரம் கேட்டிருந்தாலும் நூறு தரமும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பொய்யால் என் இரண்டாவது பெண்ணுக்கு அழக்கூட என்னால் முடியாமல் போயிற்று. எந்த நேரம் போன் வருமோ என்று தொண்டையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அழுதால் குரல் கம்மும். குரல் கம்மினால் நங்கை பஸ் ஏறி வந்துவிடுவார். அதனால் அழவில்லை.

மல்லிகை

மறுநாள் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. மார்பு கல்லாக இறுகி, ஜாக்கெட் நனைந்து, தொட்டால் உயிர் போயிற்று. மாத்திரை கொடுத்தார்கள். அதோடு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று வார்டு கூட்டுகிற அம்மா ராணியிடம் சொன்னார்.

ராணி பூ வாங்கப் போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தவள் மூச்சு வாங்கினாள். "எல்லாப் பூவும் கோயிலுக்குப் போயிடுச்சாம்கா. நாலு கடை அலைஞ்சேன். வாடினதுதான் கிடைச்சுது" என்றாள்.

வாடினாலும் அது மல்லிகைதான். துண்டால் இறுக்கிக் கட்டியதும் வார்டு முழுக்க வாசம். பார்க்க வந்த உறவினர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யார் வீட்டு விசேஷம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று காலையில் நங்கையின் ஊரில் தீக்குண்டம் இறங்கிப் பூ மிதித்தார்கள். போனில் நங்கையின் குரல் பூரித்துப்போயிருந்தது.

"உங்கண்ணன் நல்லபடியா எறங்கிட்டாரு கண்ணு. கால்ல ஒரு கொப்புளமில்ல. அவரு எதுக்கு வேண்டிக்கிட்டாருன்னு உனக்கு இத்தன நாளா சொல்லல. உன்ற பிரசவத்துக்குத்தான். தாயும் புள்ளையும் தனித்தனியா நல்லா வரோணும்னு. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, இனி ஒரு பயமுமில்ல."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, மடியில் கவிழ்த்து வைத்தேன். உள்ளேயிருந்து நங்கை "கண்ணு, கண்ணு" என்று கூப்பிடுவது கேட்டது. மறுபடி எடுத்து, "கேக்குதுங்க நங்கை, சந்தோசமுங்க" என்றேன். ராணி வெளியே போய்விட்டாள்.

பொழுதோடு வந்தவர்

என் வீட்டுக்காரர் மாலையில் வந்து சேர்ந்தார். சட்டையிலும் தலைமுடியிலும் துளை போட்ட கல்மாவு அப்படியே இருந்தது. குளிக்காமல் ரயில் ஏறியிருக்கிறார். முதலில் குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் என் கட்டிலருகில் உட்கார்ந்தார்.

"உங்கக்காகிட்டச் சொல்லாதீங்க மாமா" என்றேன். என் முதல் வார்த்தை அதுதான்.

"அவ என்ற கூடப்பொறந்த அக்கா" என்றார்.

"தெரியும். நாளைக்கிக் கம்பம் புடுங்கற வரைக்கும் சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே ஓர் ஆட்டோ பிடித்து, வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனார். பெயர் வைக்கவில்லை. நான் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தேன். இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.

வாசலில்

கம்பம் பிடுங்கிய மறுநாள் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் அக்காவுக்குப் போன் செய்து, பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

நங்கை மஞ்சள்தண்ணீர்க் கறை போகாத சேலையோடு வந்தார். ஒரு தூக்குவாளி நிறையப் பொங்கல். கேட்டுக்கு வெளியிலேயே என் வீட்டுக்காரர் நிறுத்திச் சொன்னார். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன், எல்லாம் கேட்டது. நங்கை ஓவென்று அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னார்.

"அப்ப நான் மொதமொதல்ல போன் போட்டப்பவே..."

"ஆமாக்கா" என்றார்.

"அவரு பூ மிதிச்சப்ப..."

தூக்குவாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கம்பமாவது காப்பாவதுன்னு புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்து உங்கூட்டு வாசல்ல படுத்துக் கெடந்திருப்பேனே. என்னைய நம்பாமப் போயிட்டியே சாமி."

வந்திருப்பாரா? ஊரையும் புருஷனையும் எதிர்த்துக்கொண்டு அந்த மனுஷி வந்திருப்பாரா? பல வருடம் யோசித்துவிட்டேன். சில நாள் வந்திருப்பார் என்று தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. நங்கை வீட்டுக்குள் வராமலேயே பஸ் ஏறினார். இன்றும் விசேஷங்களில் பார்த்தால் யாழினியை இழுத்து அணைத்துக்கொள்வார். என்னிடம், நல்லா இருக்கறயா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

யாழினி மட்டும் உள்ளே ஓடிவந்தாள். கையில் நோம்பிக் கடையில் வாங்கிய சிவப்புக் கிலுகிலுப்பை. கட்டில்மேல் ஏறி, பக்கத்தில் எங்கும் தேடினாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். பெற்ற வயிறு உடனே வற்றாது. இன்னும் மேடாகத்தான் இருந்தது.

"இன்னும் வல்லியா?" என்றாள். போனில் நான் அத்தனை தடவை சொன்னதுதானே. அவள் அதை நம்பியிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். மூன்று நாளாகச் சரளமாகப் பொய் சொன்ன வாயில் உண்மை ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அவள் கிலுகிலுப்பையை என் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டினாள். "பாப்பா, எந்திரி. அக்கா வந்துட்டேன்" என்றாள். காதை வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னும் வேகமாக ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. கை வலிக்கும்வரை ஆட்டிவிட்டு, "தூங்குது" என்று சொல்லி என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.